அமுதாவிடம் எதில் பேசுவது

1

போன மாதம் என் மகள் நித்யா பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் புது மெசஞ்சர் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, "சனிக்கிழமை காலைல வா மா, பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து திறந்தேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உரையாடல்களைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்று ஒரு பொத்தான், இல்லை என்று ஒன்று.

கால் மணி நேரம் இரண்டையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நித்யா காத்திருந்து பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "என்ன மா, ஹேங் ஆயிடுச்சா?" என்றாள். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். டில்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆர்.கே.புரத்தில் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். இங்கே நான் நிரப்பாத படிவம் இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஏன் கை ஓடவில்லை என்பதை எழுதி வைக்க நினைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2

அமுதா என் தங்கை. எனக்குப் பதினோரு வயது இளையவள். சாத்தூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சும்மா இருந்தவளை நான்தான் டில்லிக்கு அழைத்து வந்தேன். இரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள். கரோல் பாகில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். நான் பத்து வருஷத்தில் கற்றுக்கொள்ளாத ஹிந்தியை அவள் ஆறு மாதத்தில் பேசினாள். என்னுடையது இன்றைக்கும் காய்கறிக்காரரிடம் பேசுகிற ஹிந்திதான். சமையலறையில் அவளும் சின்னப்பிள்ளையாக இருந்த நித்யாவும் ஹிந்தியில் பேசிச் சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாதிதான் புரியும்.

மாப்பிள்ளை குமரேசன் எங்கள் பக்கத்துப் பையன். மலேசியாவில், பினாங்கில், ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஜாதகத்தைக் கொண்டுவந்தது என் கணவரின் நண்பர். விசாரித்தது நான். அலுவலகத்தில் ஒரு கோப்பை எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் சரியாக இருந்தன. அமுதாவுக்கு இந்த விலாசத்தில்தான் பாஸ்போர்ட் எடுத்தோம். விசாவுக்காக எடுத்த நகல் ஒன்று என் பீரோவிலேயே தங்கிவிட்டது.

கல்யாணம் ஆகி மூன்று வருஷம் போனில் "நல்லா இருக்கேன்கா" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொன்னதில்லை. பேசும்போதெல்லாம் ஸ்பீக்கர் போட்டிருப்பார்கள். அவள் ஒரு வார்த்தை பேசினால் குமரேசன் இரண்டு வார்த்தை பேசுவான். பாசக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

நித்யாவின் படிப்புக்காக நாங்கள் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அப்போது எல்லோரும் வைத்திருந்த மெசஞ்சரைத்தான் போட்டுக்கொண்டோம். எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. குமரேசனுக்குச் சனிக்கிழமையும் வேலை. ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு அமுதா வந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பேசினோம். முதலில் சமையல், பிறகு அம்மாவின் ரத்தக்கொதிப்பு. நான்காவது வாரம் அவளே எழுதினாள்.

"அக்கா, இவரு அடிக்கிறாரு. ரெண்டு வருஷமா. போன்ல சொல்ல முடியல, அதான் எழுதறேன்."

திரையில் இருந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து அறையில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

3

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பாஸ்போர்ட்டை அவன் அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தான். வீட்டை விட்டு அவள் போகக்கூடிய ஒரே இடம் வாரம் ஒரு முறை மளிகைக்கடை. மாடியில் லெட்சுமியம்மா என்று ஒரு நர்ஸ் இருந்தார். அந்த ஊர்த் தமிழர். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். கோலாலம்பூரில் இருக்கிற நம் தூதரகத்துக்குப் போய்விட்டால் பாஸ்போர்ட் இல்லாமலேயே ஊருக்குத் திரும்ப ஒரு காகிதம் தருவார்கள் என்று சொன்னதும் அவர்தான். பஸ்ஸில் ஏற்றிவிடத் தயாராக இருந்தார். அவர் எண்ணை அமுதா என்னிடம் ஒருநாள் போனில் அவசரமாகச் சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். அவள் கிளம்ப வேண்டிய நாளையும் நானே அவரோடு போனில் பேசி முடிவு செய்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "ரெண்டு பேரும் பேசிச் சரிபண்ணிக்குவாங்க. நாம உள்ள போனா முறிஞ்சு போகும்" என்றார்.

நான் தனியாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் குறைகளைக் கேட்கிற இடம் என்று சொன்னார்கள். மூன்று ஜன்னல்கள் மாறி உட்கார்ந்தேன். கடைசி ஜன்னலில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். பாதிக்கப்பட்டவர் எழுத்தில் தர வேண்டும், கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் ஏதாவது சான்றாவது வேண்டும் என்றார். மெசஞ்சரில் எழுதியிருக்கிறாள் என்றேன். சரி, அதன் பிரின்ட் கொண்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து நித்யாவிடம் பழைய பேச்சை எப்படி எடுப்பது என்று கேட்டேன், எதற்கென்று சொல்லாமல். அவள் முகம் சிவந்தது. தன் சிநேகிதிகளோடு பேசுவதை நான் படித்துவிடுவேன் என்று பயந்து, போட்ட அன்றைக்கே சேமிப்பதை நிறுத்தியிருந்தாள். எங்கள் பக்கம் ஒரு வரிகூட இல்லை.

பினாங்கில் அந்த மெசஞ்சர் ஒவ்வொரு வரியையும் சேமித்துக்கொண்டிருந்தது. அது அமுதாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குமரேசனுக்குத் தெரிந்திருந்தது.

4

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு அமுதா வந்தாள். என் செல்போன் தொலைந்துவிட்டது, லெட்சுமியம்மா நம்பர் உன்னிடம் இருக்கிறதா, எந்தத் தேதி என்று அவர்களிடம் பேசினாய் என்று கேட்டாள். நான் எண்ணைக் கொடுத்தேன். ஜனவரி முதல் வாரம், புதன்கிழமை, மளிகைக்கடைக்குப் போகிற நேரம் என்று எழுதினேன். தைரியமாக இரு என்றும் எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அமுதா அக்கா என்று அடித்தால் கடைசியில் இரண்டு 'ஏ' போடுவாள். அன்றைக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான் இருந்தது.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. குமரேசன் கோபமே இல்லாமல் பேசினான்.

"மதினி, டைப்பிங் உங்களுக்கு நல்லா வருதே. லீவு போட்டு உக்காந்ததுக்குப் பிரயோஜனமாப் போச்சு."

வைத்துவிட்டான். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவன் கேட்டான், நான் கொடுத்தேன். அவள் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்ததை என் கையாலேயே அவனிடம் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் எந்தச் சத்தமும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டார்கள். அலுவலகத்தில் இரண்டு முறை தவறான கோப்பில் குறிப்பு எழுதினேன். மலை மந்திருக்குப் போய் நின்றேன். முருகனிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தால் போதும் என்று கேட்கத் தோன்றியது. அப்படிக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று அங்கேயே அழுதேன். ஊரில் அம்மா ஒவ்வொரு வாரமும் அமுதா பேசினாளா என்பாள். பேசினாள், நன்றாக இருக்கிறாள் என்பேன்.

பொங்கலன்று பேசினாள். ஸ்பீக்கரில். குமரேசனும் வாழ்த்துச் சொன்னான். அமுதா அங்கே கிடைக்காத டில்லி இனிப்புகளின் பெயர்களை அடுக்கினாள். குலாப் ஜாமூன் இங்கே நன்றாக இல்லை, கலாகந்த் கிடைக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அதே குரலில், "அப்புறம் அந்த வோ சப் பட்தா ஹை, உஸ்மே மத் லிக்னா, அதுவும் இங்க எந்தக் கடையிலயும் இல்லக்கா" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் படிக்கிறான், அதில் எழுதாதே.

குமரேசனுக்கு ஹிந்தி தெரியாது. "ஆமா, அது இங்கயும் இப்பல்லாம் கிடைக்கிறதில்ல" என்றேன். 

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நித்யா கரும்பும் கையுமாக நின்றிருந்தாள். அவளுக்கு அது இனிப்பின் பெயராகப் படவில்லை.

5

பதினேழு வயதுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. என்னோடு சரியாகப் பேசியே ஒரு வருஷமாகியிருந்தது. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கூப்பிட்டால் ஹெட்போனைக் கழற்றாமலே "க்யா?" என்பாள். அன்று முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேறு மெசஞ்சர் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அது அவ்வளவு சுலபமில்லை என்றாள். அடுத்த நான்கு நாள் பரீட்சைக்குப் படிக்காமல் அதைத்தான் படித்தாள். நாம் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிற ஒன்று இருந்தது. அதையே போடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. நித்யா தலையை ஆட்டினாள்.

"நடுவுல யாரும் படிக்கல மா. சித்தி வீட்டுல, சித்தி பக்கத்துல உக்காந்து படிக்கிறான். இதைப் போட்டா கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு படம் தெரியும். பூட்டுப் போட்டிருக்குன்னு பார்த்தாலே சாவி கேட்டு மாரேகா."

அடிப்பான் என்பதை அவளால் தமிழில் சொல்ல முடியவில்லை.

வேறொன்று எல்லா மெசஞ்சர்களையும் ஒரே ஜன்னலில் காட்டியது. ஆனால் கடவுச்சொற்களை அதுவே எழுதி வைத்துக்கொள்ளும் என்று நோட்டில் அதன் பெயரை அடித்துவிட்டாள். கடைசியில் எதையும் போடத் தேவையில்லாத, இணையப் பக்கத்திலேயே திறந்து மூடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதையும் வீட்டில் திறக்கக் கூடாது. மளிகைக்கடைக்குப் பக்கத்தில் இன்டர்நெட் கடை இருப்பதாக அமுதா எப்போதோ சொல்லியிருந்தாள், அங்கே போய்த்தான் திறக்க வேண்டும். யார் பெயரும் இல்லாத புது முகவரி. பேசி முடித்ததும் இரண்டு பக்கமும் அழித்துவிட வேண்டும். ஹிந்தியில்தான் பேச வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் தோளுக்குப் பின்னால் நிற்கிற யாருக்கும் தமிழ் தெரிந்திருக்கலாம். தொடங்குவதற்கு முன் கிட்வாய் நகர் வீட்டைப் பற்றி அமுதாவுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வி. ஒரு முறை கேட்டதை மறுமுறை கேட்கக் கூடாது.

பழைய மெசஞ்சரை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னாள். நிறுத்தினால் அவனுக்குச் சந்தேகம் வரும். ஆக, சனிக்கிழமைதோறும் நான் அதில் உட்கார்ந்து, அவன் படிப்பதற்காக எழுதினேன். வற்றக்குழம்புக்கு எவ்வளவு புளி, குளிர் எப்படி இருக்கிறது, பொறுத்துப் போ, ஆம்பளைன்னா அப்படித்தான். இந்தக் கடைசி வரியை நித்யாதான் போடச் சொன்னாள், அவன் நம்புவதற்காக. அமுதாவும் அதைப் படிப்பாளே என்றேன். "சித்திக்குத் தெரியும் மா" என்றாள். தெரிந்தாலும் அதை அடித்த விரல்கள் என்னுடையவை.

புது முகவரியை அமுதாவிடம் சேர்க்க லெட்சுமியம்மாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. குமரேசன் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தியிருந்தான். அவர் கணவர் இனி இந்த விஷயத்தில் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ஆளு யாருன்னு பார்க்காம என் நம்பரைக் கொடுத்திட்டீங்களே" என்றார் லெட்சுமியம்மா. நான் மன்னிப்புக் கேட்டேன். பேனா தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க, எழுதிக்கறேன். லிஃப்ட்ல பார்த்தா கையில கொடுத்திடுறேன். அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார்.

மளிகைக்கடை நாள் புதன்கிழமை. அவள் போவதைக் குமரேசன் நிறுத்தவில்லை, நேரத்தைத்தான் குறைத்திருந்தான். அமுதாவுக்குக் கிடைப்பது இருபது நிமிஷம். அப்போது டில்லியில் மணி இரண்டு. நான் அலுவலகத்தில் இருப்பேன். வீட்டில் இருப்பவள் நித்யா மட்டும், பரீட்சை விடுமுறையில். அதனால் புதன்கிழமைப் பேச்சு முழுவதும் அவர்கள் இருவருக்குள்தான் நடந்தது. நான் ஆறரை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து கேட்பேன். நித்யா சொல்வதுதான் எனக்குக் கிடைக்கும் செய்தி. திரையில் ஒன்றும் இருக்காது.

பீரோவில் கிடந்த பாஸ்போர்ட் நகலை ஸ்கேன் செய்து புது முகவரிக்கு அனுப்பினோம். தூதரகத்துக்குத் தர வேண்டிய கடிதத்தை நித்யா ஆங்கிலத்தில் எழுதினாள். அமுதா இன்டர்நெட் கடையில் இரண்டையும் பிரின்ட் எடுத்து, அரிசிப் பைக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை நான் வந்தபோது நித்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சித்தி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"சித்திக்கு... விழுந்துடுச்சு மா" என்றாள்.

பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு. "விழுந்துடுச்சுன்னு மாட்டுக்குச் சொல்லுவாங்க. விழுந்துட்டாங்கன்னு சொல்லு. எங்க விழுந்தா? அடி பலமா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விழுந்துட்டாங்க" என்றாள். "இப்ப பரவாயில்லயாம்."

6

மார்ச்சில் ஒரு புதன்கிழமை அமுதா மளிகைக்கடைக்குப் போகவில்லை. கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினாள். அதற்கு மேல் என்னால் ஆகாது என்று சொன்ன லெட்சுமியம்மா, கோலாலம்பூரில் இருக்கிற தன் தங்கையை பஸ் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்.

காகிதம் கையில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. போலீஸில் எழுதிக் கொடுத்து, அந்த ஊர்க் குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, போட்டோ சரியில்லை என்று மறுபடி எடுத்து. நடுவில் ஒரு சனிக்கிழமை பழைய மெசஞ்சரில் குமரேசன் தன் பெயரிலேயே வந்தான். மதினி அவள் எங்கே என்றான். தெரியாது, நீங்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும், என் தங்கை எங்கே என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒரு மணி நேரம் கெஞ்சினான், மிரட்டினான், அழுவதாகவும் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் பதில் அடித்தேன். இந்த முறை அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

விமான நிலையத்துக்கு என் கணவரும் வந்தார். அமுதா ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தாள். அந்தப் பையை அவர்தான் வாங்கிக்கொண்டார்.  வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "நான் அன்னைக்கே கேட்டிருக்கணும் மா" என்றார். "விடுங்க அத்தான்" என்றாள் அமுதா.

அவள் இப்போது கரோல் பாகில், தான் படித்த வகுப்பு போல ஒன்றில் சொல்லிக்கொடுக்கிறாள். விவாகரத்து வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள்.

வந்த வாரமே அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வயிற்று வலி என்றாள். நித்யாவும் வந்தாள், கெமிஸ்ட்ரி பரீட்சை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வெளிநோயாளிகள் பிரிவில் சீட்டு எழுதுகிற பெண் ஹிந்தியில் மளமளவென்று கேட்டுக்கொண்டே போனாள். வயது, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், குழந்தைகள். இல்லை என்று நானே பதில் சொன்னேன். கர்ப்பம் தரித்ததுண்டா என்று அடுத்து கேட்டாள். அதற்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏக்" என்றாள் அமுதா. ஒன்று. "பாஞ்சவே மஹினே மே கிர் கயா."

ஐந்தாம் மாதம், கிர் கயா. விழுந்துவிட்டது. கரு கலைந்தால் ஹிந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். எந்த மாதம் என்று அந்தப் பெண் கேட்டாள். பிப்ரவரி என்றாள் அமுதா.

நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். "ஏன் சொல்லல?" என்று நித்யாவிடம் கேட்டேன். யாரிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெளிவில்லை.

"சொன்னேன் மா" என்றாள். "நீ தமிழைத் திருத்தின."

அமுதா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது நித்யா எப்படிப் பேசினாலும் நான் திருத்துவதில்லை. போனில் அவள் தமிழும் ஹிந்தியும் ஆங்கிலமுமாகக் கொட்டி முடிக்கும்வரை கேட்கிறேன். ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, "எனக்குப் புரியல, வேற மாதிரி சொல்லு" என்கிறேன். சில நாள் மூன்று முறைகூடக் கேட்கிறேன். அவள் சலித்துக்கொள்வதில்லை.